.22 பிஸ்டல் சத்தம்: காதுக்கு எதை வாங்குவது, எப்படிச் சுத்தமாக வைப்பது?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதற்கு அப்புறம், பாக்ஸிங்கும் ஃபுட்பாலும் கேரமும் கொடிகட்டிப் பறக்கும் நம்ம வடசென்னையிலும் "பிள்ளையை ஷூட்டிங்ல சேர்க்கலாமா" என்று விசாரிக்கிற பெற்றோர் கூடிவிட்டார்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் வரைக்கும் பெரிய குழப்பம் வருவதில்லை. பிள்ளை 25 மீட்டருக்கு, அதாவது வெடிமருந்தில் சுடும் .22 பிஸ்டலுக்கு (குழல் துளை 0.22 அங்குலம்) மாறும்போதுதான் கேள்விகள் வரிசையாக வருகின்றன. காதுக்குள் செருகும் பிளக் வைப்பதா, ஹெட்ஃபோன் போலக் காதை மூடும் மஃப் மாட்டுவதா? எலெக்ட்ரானிக் மஃப் வாங்கினால் என்ன? வெளிநாட்டு வீடியோவில் துப்பாக்கி முனையில் சைலன்சர் மாட்டுகிறார்களே, அது இருந்தால் காதுக்கு எதுவுமே வேண்டாமா?

என்.சி.சி. கேம்ப்பில் .22 ரைஃபிள் சுடப்போகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் இதே சந்தேகம்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் சத்தம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வது நல்லது. அது தெரியாமல் எந்தப் பொருளையும் எடைபோட முடியாது.

## சின்னக் குண்டு, பெரிய சத்தம்

.22 குண்டு சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதனால் சத்தமும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். ரைஃபிளின் நீளக் குழலுக்குள் வெடிமருந்து எரிந்து, வாயு விரிந்து, ஓரளவு அடங்கி வெளியே வருகிறது. பிஸ்டல் குழல் அரை அடிதான். வாயு அழுத்தம் குறையாமல் முகத்துக்கு முன்னாலேயே வெடித்து வெளியேறுகிறது. சுடுகிறவர் காதருகே அளந்தால் .22 பிஸ்டலின் உச்சச் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் நீடிக்கிறது என்பதால் நம் மூளைக்கு அது அவ்வளவு பெரிதாகப் படுவதில்லை. காதுக்குள் இருக்கும் நுண்ணிய முடி செல்கள் முழு அடியையும் வாங்கிக்கொள்கின்றன.

மணலியிலோ எண்ணூரிலோ ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்கு 90 டெசிபல் என்ற எண் பழக்கமானது. தொழிற்சாலை விதிகளின்படி 8 மணி நேரத்துக்கு அதுதான் எல்லை. அதே விதிகள் திடீர்ச் சத்தத்துக்கு 140 டெசிபலை உச்சமாக வைக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 என்கிறது. இந்த இரண்டாவது எண்ணைப் பெற்றோர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டெசிபல் கணக்கு நாம் பழகிய கூட்டல் கணக்கு மாதிரிப் போவதில்லை. 3 டெசிபல் ஏறினாலே சத்தத்தின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். 140-க்கும் 155-க்கும் நடுவில் 15 தானே என்று விட்டுவிட முடியாது.

முடி செல் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் போவது உச்ச ஸ்தாயிச் சத்தங்கள். "ச", "ஸ", "த" போன்ற எழுத்துகள் மங்கும். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்று புரியாது. பதினைந்து வயதில் தொடங்குகிற சேதம் முப்பது வயதில் கல்யாண மண்டபத்தில், பஸ்ஸில், ஃபோனில் தெரியவரும். சுட்டுவிட்டு வந்தபின் காதில் "கொய்ங்" என்று கேட்டால், அன்றைக்குக் காது தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். "பழகினா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காது இதற்குப் பழகாது.

## எதை வைத்து எடைபோடுவது?

கடையில் பெரும்பாலும் நடக்கிற உரையாடல் இது:

"அண்ணே, இதுல எது நல்லா அடைக்கும்?"

"நம்பர் பெருசா இருக்கறத எடுத்துக்கோ தம்பி."

எத்தனை டெசிபல் குறைக்கும் என்று பெட்டி மேல் போட்டிருக்கிற நம்பர், ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர் சரியாக மாட்டிவிட்டு அளந்தது. அமெரிக்க முறையில் என்.ஆர்.ஆர். என்றும், ஐரோப்பிய முறையில் எஸ்.என்.ஆர். என்றும் அச்சிடுவார்கள். ஒரே பொருளுக்கு எஸ்.என்.ஆர். சில டெசிபல் கூடுதலாகவே வரும். ஒரு பெட்டியின் என்.ஆர்.ஆரை இன்னொரு பெட்டியின் எஸ்.என்.ஆரோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பாகும்.

சாதாரண ஆள் சாதாரணமாக மாட்டினால் அந்த நம்பர் முழுசாகக் கிடைக்காது. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் இதற்கு ஒரு கழிவு சொன்னது: மஃப் என்றால் நம்பரில் 25 சதவீதம் கழி, ஃபோம் பிளக் என்றால் 50 சதவீதம், மற்ற பிளக் என்றால் 70 சதவீதம். 33 போட்ட ஃபோம் பிளக் பதினாறரைக்கு வந்துவிடும். 25 போட்ட மஃப் கிட்டத்தட்ட 19-இல் நிற்கும். சின்ன நம்பர் மஃப் பெரிய நம்பர் பிளக்கை முந்திவிடுகிறது. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். காதில் உட்காராத நம்பரால் பலன் இல்லை.

ஆக, நான் பார்க்கிற அளவுகோல்கள் இவை. பழகாத கையால் மாட்டினாலும் எவ்வளவு சத்தம் குறையும்? கடல் காற்றின் புழுக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஒரு மணி நேரம் தாங்குமா? ரேஞ்சில், அதாவது சுடும் தளத்தில், கட்டளை கொடுக்கும் ரேஞ்ச் ஆஃபீசர் "ஸ்டாப்" என்றால் கேட்குமா? போட்டி விதியும் நாட்டுச் சட்டமும் அனுமதிக்கின்றனவா? வியர்வை, காதுக் குறும்பி, ஈயத் தூசி மூன்றையும் சமாளித்துச் சுத்தமாக வைக்க முடியுமா? வாங்கிய விலைக்கு மேல் வருடா வருடம் என்ன செலவு?

## சைலன்சர்: நம் நாட்டில் பேச்சுக்கே இடமில்லை

பலரும் முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயுதச் சட்டம் 1959 துப்பாக்கி என்ற சொல்லுக்குக் கொடுக்கும் வரையறைக்குள்ளேயே, சத்தத்தையோ சுடரையோ குறைக்கும் துணைக்கருவியும் அடங்கிவிடுகிறது. ஆயுத விதிகளில் அது தடைசெய்யப்பட்ட முதல் வகையில் வருகிறது. பிஸ்டலுக்கு லைசென்ஸ் இருந்தாலும் இதற்கு அனுமதி கிடையாது. யாராவது வரவழைத்துத் தருகிறேன், லேத்தில் கடைந்து தருகிறேன் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அது வழக்கு, கைது, சிறை வரை போகிற விஷயம்.

சட்டம் அனுமதிக்கிற நாடுகளில் அதன் நிலைமை என்ன என்றும் தெரிந்துகொள்ளலாம். ஹைரம் பெர்சி மாக்ஸிம் 1909-இல் காப்புரிமை வாங்கிய பொருள் அது. பின்லாந்து, நார்வே போன்ற இடங்களில் வேட்டைக்காரர்கள் சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். .22 பிஸ்டலில் நல்ல சைலன்சர் சத்தத்தை 120 டெசிபலை ஒட்டிக் கொண்டுவரும். சினிமாவில் கேட்கிற மாதிரி "உஸ்" என்று அடங்காது. குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்தால் காற்றைக் கிழிக்கும் "சடார்" அப்படியே இருக்கும், அதை எந்த சைலன்சராலும் அடக்க முடியாது.

சுத்தம் செய்வதும் அங்கே பெரிய தலைவலி. .22 குண்டுக்குப் பெரும்பாலும் மேலுறை கிடையாது, இருந்தாலும் மெல்லிய செம்புப் பூச்சுதான். உருகித் தெறிக்கும் ஈயமும் கரியும் உள்ளே இருக்கும் தடுப்புத் தட்டுகளில் படிந்து இறுகும். அதனால் .22-க்கு வாங்குகிறவர்கள் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய மாடலைத்தான் தேடுவார்கள். எஃகுத் தட்டு என்றால் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடலாம், அலுமினியம் என்றால் அரித்துவிடும். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறவைக்கும் பழக்கமும் உண்டு. அந்தக் கலவை ஈயத்தைக் கரைத்து ஈய அசிடேட்டாக மாற்றும். அது கடும் நஞ்சு, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். அத்தனையும் செய்தபின்னும் பக்கத்து லேனில் சைலன்சர் இல்லாமல் சுடுகிறவரின் சத்தம் உங்கள் காதுக்கு வரத்தான் செய்யும். அங்கேயும் ரேஞ்சில் காதுக் காப்பு மாட்டித்தான் ஆக வேண்டும்.

ஆகவே சத்தத்தைக் காதருகேதான் தடுக்க வேண்டும். மீதிக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

## பஞ்சும் இயர்பட்ஸும்

பஞ்சு ஏழெட்டு டெசிபலைக் குறைத்தாலே அதிகம். பாட்டு கேட்கிற இயர்பட்ஸில் இருக்கும் இரைச்சல் நீக்கம் பஸ் இன்ஜின், ஃபேன் போன்ற தொடர் சத்தத்துக்காகச் செய்தது. வெடிச் சத்தம் வந்து போன பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். இரண்டும் வேண்டாம்.

## ஃபோம் பிளக்

மஞ்சளிலோ ஆரஞ்சிலோ வரும் மெத்து மெத்தென்ற சின்னத் தக்கை. விலை மலிவு, எடை இல்லை, கண்ணாடிக்கும் தொப்பிக்கும் இடைஞ்சல் இல்லை. ஒழுங்காக மாட்டினால் மற்ற எதையும்விட அதிகமாகச் சத்தத்தை அடைக்கக்கூடியதும் இதுதான். அந்த "ஒழுங்காக" என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுகிறார்கள்.

பாதி பேர் அதை நசுக்கிக் காது வாசலில் சொருகிவிட்டு நிற்பார்கள். பின்பக்கம் முழுக்க வெளியே துருத்திக்கொண்டு இருக்கும். எதிரே நின்று பார்த்தாலே தெரியும். சரியான முறை இது: கையைக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் மெதுவாக உருட்டி, மடிப்பு விழாமல் விளக்குத் திரி போல ஒல்லியாக்க வேண்டும். இடது காதுக்கு வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் உள்வழி நேராகும். உடனே திரியை உள்ளே தள்ளி, விரலை எடுக்காமல் அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஃபோம் விரிவது காதுக்குள்ளேயே தெரியும். பிறகு வாய்விட்டு ஒன்று இரண்டு எண்ணிப் பாருங்கள். சொந்தக் குரல் கனமாகி, தலைக்குள்ளேயே கேட்டால் சரி. ஒரு காதில் அப்படி, இன்னொன்றில் சாதாரணமாகக் கேட்டால், அந்த இன்னொன்றை எடுத்து மறுபடி மாட்ட வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கும் பல பெண்களுக்கும் காதுவழி குறுகலாக இருக்கும். பெரிய அளவு பிளக் முழுசாக உள்ளே போகாது, வலிக்கும், அரைகுறையாக நிற்கும். சின்ன அளவு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

சுத்தம்: ஃபோமைக் கழுவக் கூடாது. கழுவினால் விரியும் தன்மை போய்விடும், ஈரம் உள்ளேயே தங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் காதுக்குள் பூஞ்சை வருவது சகஜம். ஈரப் பிளக் அதை இன்னும் கூட்டிவிடும். அழுக்கானால், விறைத்தால், உருட்டி விட்டபின் பழைய வடிவுக்கு வராவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது காதில் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. எண்ணெய் பட்ட காதில் ஃபோம் வழுக்கி வெளியே வரும். பயிற்சி இருக்கிற பிள்ளைக்கு அதை நிறுத்திவிடலாம். காது மருத்துவர்களும் எண்ணெய் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

மறைந்திருக்கும் செலவு: ஒரு ஜோடி 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் புது ஜோடி என்றால் வருடத்துக்கு 3,120 ரூபாய். ஒரு நல்ல மஃப் அந்தக் காசுக்குள் வந்துவிடும். தொடர்ந்து சுடுகிறவர்கள் சில்லறையில் வாங்காமல் மொத்தப் பெட்டியாக வாங்கிக் கூட்டாளிகளோடு பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

## சிலிக்கான் பிளக்

குடை குடையாக மூன்று அடுக்கு இருக்கும், பெரும்பாலும் கயிறு கோத்திருக்கும். உருட்ட வேண்டியதில்லை, காதைத் தூக்கித் தள்ளினால் போதும். ஃபோமை ஒழுங்காக உருட்டத் தெரியாதவர்களுக்கு வசதி. ஆனால் மூன்றில் ஒரு அடுக்காவது காதுச் சுவரை முழுசாகத் தொட வேண்டும். அளவு பொருந்தாவிட்டால் நிறையச் சத்தம் கசியும். நியோஷ் 70 சதவீதம் கழிக்கச் சொன்னது இந்த ரகத்தைத்தான். தனியாக இதை மட்டும் நம்பி .22 பிஸ்டல் சுட நான் சொல்ல மாட்டேன். மஃப்புக்கு உள்ளே போட நல்லது.

கழுவலாம் என்பது இதன் பெரிய லாபம். வெதுவெதுப்பான தண்ணீர், சாதாரண சோப்பு, பிறகு நிழலில் நன்றாகக் காய வைத்து டப்பாவில் போட வேண்டும். ஸ்பிரிட்டோ சானிடைசரோ போட்டுத் துடைக்க வேண்டாம்.

காதுக்கு அச்செடுத்துச் செய்து தரும் பிளக்கும் உண்டு. கேட்டல் பரிசோதனை செய்யும் ஆடியாலஜி சென்டர்களில் செய்வார்கள், விலை ஆயிரக்கணக்கில் போகும். வளரும் பிள்ளைக்கு அது வீண் செலவு. காது வளர வளர அச்சு தளர்ந்துவிடும். இருபது வயதைக் கடந்து தொடர்ந்து போட்டிக்குப் போகிறவருக்கு மட்டும் யோசிக்கலாம்.

## மஃப்

தொடக்கக்காரருக்கு நான் முதலில் கையில் கொடுப்பது மஃப்: காதை மூடும் இரண்டு கிண்ணம், அவற்றின் விளிம்பில் குஷன், இரண்டையும் இணைக்கும் தலைப்பட்டை. தப்பாக மாட்டுவது கஷ்டம், மாட்டியிருக்கிறதா என்று கோச் பத்தடி தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம், பாதியில் கழற்றி மாட்டுவதும் சுலபம். ரைஃபிளில் கன்னத்தைக் கட்டையில் சாய்க்கும்போது கிண்ணம் இடிக்கும், மெல்லிய கிண்ணம் தேட வேண்டியிருக்கும். பிஸ்டலில் அந்தப் பிரச்சினையே இல்லை. நல்ல பருமனான கிண்ணமாகவே வாங்கலாம்.

இதன் பலவீனம் குஷன். ரேஞ்சில் கண்ணாடி போடாமல் நிற்கக் கூடாது. தடித்த காம்பு உள்ள கண்ணாடி என்றால், காம்பு காதுக்கு மேலே போகும் இடத்தில் குஷனுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சின்ன முக்கோண இடைவெளி விழும். விரல் நுனியால் தடவினாலே அகப்படும். சத்தம் அந்த வழியாகத்தான் நுழையும். மெல்லிய தட்டைக் காம்புக் கண்ணாடியாக மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். பெண் பிள்ளைகளின் தொங்கும் தோடு, காதோரம் சரியும் முடி, தொப்பியின் ஓரம், தலையைச் சுற்றிய துணி எல்லாமே இதே இடைவெளியை உண்டாக்கும். மண்ணடி, ராயபுரம் பக்கமிருந்து ஹிஜாப்போடு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, உள்ளே பிளக் போட்டுக்கொண்டு மேலே மஃப் மாட்டுங்கள் என்பதுதான். துணிக்கு மேல் மஃப் மட்டும் போட்டால் காவல் பாதிதான்.

அடுத்தது வெயில். மே மாதத்தில் கால் மணி நேரத்திலேயே குஷனுக்குக் கீழே வியர்வை கோத்துக்கொள்ளும், மஃப் வழுக்கி இறங்கும், பிள்ளை அதை நகர்த்தி நகர்த்தி விடும். ஒரு தொடர் முடிந்து துப்பாக்கிகளை இறக்கி வைத்து ரேஞ்ச் பாதுகாப்பானது என்று அறிவித்த இடைவெளியில் கழற்றி, பருத்தித் துணியால் குஷனையும் காதைச் சுற்றியும் துடைத்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மஃப்பை நம் ஊர் வெயிலிலும் ஓட்டிவிடலாம்.

சுத்தம்: குஷனை சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கவும். கிண்ணத்தைத் தண்ணீரில் முக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை எடுத்து நிழலில் உலர்த்தலாம். பைக் ஹேண்டிலில் வெயிலில் தொங்கவிட்டு வருவதும், சீட்டுக்குக் கீழே செயின் ஆயில் டப்பாவோடு போட்டு வைப்பதும் குஷனின் ஆயுளைக் குறைக்கும்.

மறைந்திருக்கும் செலவு இந்தக் குஷன்தான். வியர்வையும் உப்புக் காற்றும் பட்டுப் பட்டு அது விறைத்து வெடிக்கும். தொடர்ந்து பயன்படுத்தினால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டிவரும். நல்ல கம்பெனிகள் குஷனையும் ஸ்பாஞ்சையும் சேர்த்து ஒரு கிட்டாகத் தனியாக விற்கின்றன. மலிவு மஃப்புக்கு அது கிடைக்காது, முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

## எலெக்ட்ரானிக் மஃப்

வெளியே மைக், உள்ளே ஸ்பீக்கர். பேச்சைக் கூட்டிக் கொடுக்கும், வெடிச் சத்தம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிடும். கோச்சுக்கும் ரேஞ்ச் ஆஃபீசருக்கும் வரப்பிரசாதம். ஆனால் சத்தத்தைத் தடுப்பது கிண்ணமும் குஷனும்தான், மின்னணு எதையும் தடுப்பதில்லை. பேட்டரிச் செலவும், மைக்குக்குள் வியர்வை இறங்கும் பயமும் தனி.

இதை வாங்கத் துடிக்கும் பெற்றோருக்கு ஒரு செய்தி. சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி போட்டியாளர் இப்படி ஒலியை வாங்கிக் கொடுக்கும் காதுக் காப்பு அணியக் கூடாது. நம் ஊர்ப் போட்டிகளும் அந்த விதிகளைத்தான் பின்பற்றுகின்றன. பயிற்சியில் இதிலேயே பழகிவிட்டு, போட்டி அன்று சாதாரண மஃப்புக்கு மாறினால் பிள்ளை தடுமாறும். போட்டி நோக்கம் இருந்தால் இந்தக் காசை மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

## பிளக்கும் மஃப்பும் சேர்த்து

இரண்டு நம்பரையும் கூட்டிக்கொள்ளக் கூடாது. பெரிய நம்பரோடு ஒரு 5 டெசிபல் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கமான கணக்கு. மண்டை ஓட்டின் எலும்பு வழியாகவும் சத்தம் உள்காதுக்குப் போகிறது என்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் இதன் உண்மையான லாபம் வேறு. ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் இன்னொன்று காப்பாற்றும். பிள்ளைகளுக்கு உச்சம் 120 என்ற எல்லையை நெருங்க வேண்டுமானால், 150-க்கு மேலான சத்தத்துக்கு இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இடைஞ்சல் ஒன்றுதான், கட்டளை கேட்காது. 25 மீட்டரில் "லோட்", "அட்டென்ஷன்", "ஸ்டாப்", "அன்லோட்" எல்லாம் வாய்க் கட்டளை. "ஸ்டாப்" கேட்காத பிள்ளை ஆபத்து. முதல் சில வாரம் கோச் பக்கத்திலேயே நின்று கைச் சைகையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாத கோச்சிடம் .22-க்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| எது | பழகாத கையில் பலன் | வெயிலில் | கட்டளை கேட்குமா | போட்டியில் | சுத்தம் | தொடர் செலவு |
|---|---|---|---|---|---|---|
| ஃபோம் பிளக் | குறைவு, பழகினால் மிக நன்று | நன்று | ஓரளவு | சரி | கழுவ முடியாது | புது ஜோடிகள் |
| சிலிக்கான் பிளக் | மிகக் குறைவு | நன்று | கேட்கும் | சரி | சோப்புத் தண்ணீர் | குறைவு |
| மஃப் | நன்று | வியர்க்கும் | ஓரளவு | சரி | துடைக்க வேண்டும் | குஷன் கிட் |
| எலெக்ட்ரானிக் மஃப் | நன்று | வியர்க்கும் | மிக நன்று | போட்டியாளருக்கு இல்லை | கவனம் தேவை | பேட்டரி, குஷன் |
| பிளக் + மஃப் | மிக நன்று | கஷ்டம் | சிரமம் | சரி | இரண்டும் | இரண்டும் |

## யாருக்கு எது?

பதினெட்டு வயதுக்குக் கீழே .22 பிஸ்டல் சுடுகிற யாருக்கும் பிளக்கும் மஃப்பும் சேர்த்துத்தான். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. மூடிய ரேஞ்ச், தகரக் கூரை, பக்கச் சுவர் இருக்கும் இடங்களில் பெரியவர்களுக்கும் இதுவே. சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும்.

திறந்தவெளி ரேஞ்சில் சுடும் பெரியவருக்கு நல்ல மஃப் போதும். வியர்வை தாங்கவில்லை என்றால் ஃபோம் பிளக், ஆனால் மாட்டும் முறையைக் கோச் முன்னால் செய்து காட்டிவிட்டு. கேம்ப்புக்கு ஒரு நாள் போகும் என்.சி.சி. பிள்ளைக்கு இரண்டு ஜோடி ஃபோம் பிளக் சட்டைப் பையில் இருந்தால் போதும். முந்தின நாள் வீட்டிலேயே மாட்டிப் பழகிவிட்டுப் போகட்டும். ஏர் பிஸ்டல் மட்டும் சுடுகிறவருக்குச் சத்தம் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் பக்கத்திலேயே .22 சுட்டுக்கொண்டிருந்தால் அவரும் மாட்ட வேண்டும். அழைத்துப் போய்ப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும், கூட வந்த தம்பி தங்கைக்கும் இது பொருந்தும்.

பகலில் ஆலையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ சத்தத்தில் நின்றுவிட்டு மாலையில் ரேஞ்சுக்கு வருகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காது இரண்டு சத்தத்தையும் சேர்த்தே கணக்கு வைக்கும். வருடத்துக்கு ஒருமுறை கேட்டல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி இ.என்.டி. பிரிவுக்குப் போய்க் கேட்கலாம். .22-க்கு மாறும் முன்பே பிள்ளைக்கு ஒருமுறை எடுத்து வைத்தால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

## ஈயத் தூசி

இதை யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். .22 குண்டு ஈயம். அதன் விளிம்பில் இருக்கும் பற்றுமருந்திலும் பெரும்பாலும் ஈயக் கூட்டுப்பொருள் உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் கண்ணுக்குத் தெரியாத ஈயத் தூசி கையிலும் முகத்திலும் மஃப்பிலும் படிகிறது. அந்தக் கையாலேயே ஃபோமை உருட்டிக் காதில் திணிப்பதும், இடைவெளியில் டீயும் பஜ்ஜியும் சாப்பிடுவதும் ஈயத்தை உடம்புக்குள் அனுப்பும் வேலை. பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கெடுதல்.

சுடுவதற்கு முன்பே சுத்தமான கையால் பிளக்கை மாட்டிவிட வேண்டும். சுட்டு முடித்ததும் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கை, முகம் கழுவிவிட்டு அப்புறம் பிளக்கை எடுக்க வேண்டும். சானிடைசர் ஈயத்தை நீக்காது. மஃப்பைத் துடைத்த துணியை வீட்டுத் துணிகளோடு போடாமல் தனியாக அலசுங்கள். பிஸ்டல் குழலைத் துடைத்த துணித் துண்டுகளைக் கையுறை போட்டு எடுத்துக் கவரில் கட்டிவிடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் ரேஞ்ச் சட்டையை மாற்றிவிட்டுத் தூக்குங்கள்.

## வாங்கப் போகும்போது

பாரிமுனையில் செம்புதாஸ் தெரு, லிங்கி செட்டி தெருப் பக்கம் ஹார்டுவேர், சேஃப்டி பொருள் விற்கும் கடைகளில் ஆலைகளுக்குப் போகும் அதே பிளக்கும் மஃப்பும் கிடைக்கும். ரேஞ்சுக்கென்று தனி ரகம் தேவையில்லை. பெட்டியில் ஐ.எஸ். 9167 அல்லது இ.என். 352 என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த எண்ணும் இல்லாமல் வெறும் "37 டெசிபல்" என்று மட்டும் போட்டிருந்தால் வேண்டாம்.

பிள்ளையையும் அது ரேஞ்சில் போடும் கண்ணாடியையும் கூடவே கூட்டிப் போங்கள். கண்ணாடியோடு மஃப்பை மாட்டி, தெருச் சத்தத்துக்கு நடுவே நிற்க வைத்து, இரண்டு கிண்ணத்தையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது சத்தம் சட்டென்று இன்னும் குறைந்தால், அழுத்தாதபோது எங்கேயோ கசிகிறது என்று பொருள். வேறு மாடல் எடுங்கள். பிடித்த மாடலுக்குக் குஷன் கிட் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, கிடைத்தால் அன்றைக்கே ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்த மாடலே கடையில் இருக்காது.